மனு வேலையைப் பார்க்கிறது, வரிசை பிறந்த ஊரைப் பார்க்கிறது

கோவை வேளாண் பல்கலைக்கழக ஜூனியர்கள் அடிக்கடி வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "அக்கா, நான் என்.ஐ.டபிள்யூ போடலாமா? என் சைட்டேஷன் போதுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் போஸ்ட்டாக் செய்கிறவர்கள், இல்லாவிட்டால் பிஎச்.டி. முடிக்கப்போகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட, தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் வழக்கறிஞர் இல்லை. அயோவாவில் தண்ணீரிலிருந்து நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறேன். சொந்தமாக மனு போட்டு, அது அப்ரூவ் ஆகி, இப்போது வரிசையில் நிற்கிறேன்.

சொல்லவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க கிரீன் கார்டுக்கான இந்த என்.ஐ.டபிள்யூ வழியில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் முக்கியமாக நீங்கள் செய்யப்போகும் வேலையைப் பார்ப்பார்கள். இரண்டாவது கட்டத்தில் நீங்கள் பிறந்த நாட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு நல்ல விஞ்ஞானி என்று இரண்டு இடத்திலும் யாரும் அளந்து மார்க் போடுவதில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் மனுவையும் நன்றாக எழுதலாம், அதன்பின் வரும் வருடங்களையும் நிம்மதியாக ஓட்டலாம்.

இது என்ன வழி?

அமெரிக்காவில் வேலை வழியாக கிரீன் கார்டு வாங்கும் இன்றைய முறை 1990-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் வந்தது. அதில் இரண்டாம் பிரிவான இபி-2, மேற்படிப்பு படித்தவர்களுக்கும் அறிவியல், கலை, தொழில் துறைகளில் தனித்திறன் உள்ளவர்களுக்கும் உரியது. வழக்கமான பாதையில் ஒரு நிறுவனம் உங்களுக்கு வேலை தரவேண்டும். பிறகு பெர்ம் என்ற நடைமுறையில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடி, தகுதியுள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம் உங்களுக்காக ஐ-140 மனு போடும்.

அதே சட்டம் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. நாட்டு நலனுக்கு உதவும் என்றால் வேலை உத்தரவும் வேண்டாம், பெர்மும் வேண்டாம் என்று அரசு விட்டுக்கொடுக்கலாம். அதுதான் நேஷனல் இன்ட்ரெஸ்ட் வெய்வர், சுருக்கமாக என்.ஐ.டபிள்யூ. மனுதாரரும் நீங்கள்தான், பயனாளியும் நீங்கள்தான். பேராசிரியரிடமோ எச்.ஆர். அலுவலகத்திலோ போய் நிற்கவேண்டியதில்லை. வருடத்துக்கு வருடம் கிராண்டை நம்பி வாழும் போஸ்ட்டாக்குக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். போஸ்ட்டாக் தற்காலிக வேலை என்பதால் பல பல்கலைக்கழகங்கள் அதற்கு கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்வதே இல்லை.

நாட்டு நலன் என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. முதலில், நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு பாலப் பொறியாளருக்காகப் போட்ட மனு மீது 1998-ல் வந்த தீர்ப்பு அளவுகோலாக இருந்தது. அதைக் கடப்பது கடினமாக இருந்தது. 2016 டிசம்பர் 27-ல் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தனசார் வழக்கில் அந்த அளவுகோலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தது. இன்றைக்கு எல்லோரும் பேசும் மூன்று கேள்விகள் அங்கிருந்து வந்தவை. நீங்கள் செய்யப்போகும் முயற்சிக்கு உண்மையான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்கிறதா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், வேலை உத்தரவையும் பெர்மையும் உங்களுக்கு விட்டுக்கொடுப்பது அமெரிக்காவுக்கு நல்லதா?

சைட்டேஷன் எந்தக் கேள்விக்குப் பதில்?

சைட்டேஷன் இரண்டாவது கேள்விக்கு உதவும். முதல் கேள்விக்கு அது பதிலே இல்லை. ஜூனியர்கள் அனுப்பும் வரைவு மனுக்களில் பெரும்பாலானவை இங்கேதான் தடுமாறுகின்றன. பதினைந்து பக்கத்துக்கு "நான் யார்" என்று எழுதியிருப்பார்கள். "நான் என்ன செய்யப்போகிறேன்" என்பது ஒரே பத்தியில் முடிந்திருக்கும்.

தனசார் தீர்ப்பை முழுக்க ஒருமுறை படியுங்கள். நீளமில்லை, மொழியும் எளிமையானது. அந்த மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளர், கல்லூரியில் பாடமும் எடுத்தவர். அவருடைய உந்துவிசை ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். அறிவியல் பாடம் கற்பிப்பதற்கு மதிப்பு உண்டு என்றும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கற்பித்தல் அவருடைய வகுப்பறையைத் தாண்டி அறிவியல் கல்வியையே பரவலாக மாற்றும் என்று ஆவணங்கள் காட்டவில்லை, ஆகவே அதற்குத் தேசிய முக்கியத்துவம் நிறுவப்படவில்லை என்றார்கள். ஒரே மனிதர், ஒரே தகுதி, இரண்டு வேலை. ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. இந்தக் கேள்வியில் எடைபோடப்பட்டது அந்த ஆள் அல்ல, அவர் செய்யப்போகும் வேலை.

என் வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அயோவாவில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு அடியில் ஓட்டை போட்ட குழாய்களைப் புதைத்திருப்பார்கள். மண்ணில் அதிகப்படியாகத் தேங்கும் தண்ணீரை வடிய வைப்பதற்காக. அந்தத் தண்ணீரோடு உரத்தின் நைட்ரேட்டும் ஓடைக்குப் போகிறது. ஓடையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து குடிநீருக்கு. குடிநீரில் நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க வரம்பு. தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். டிமாய்ன் நகரக் குடிநீர் நிறுவனம் நைட்ரேட்டை நீக்குவதற்கென்றே 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒரு தனி ஆலையை வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் 2025 ஜூனில் ஆற்றில் நைட்ரேட் ஏறி, அந்தப் பகுதி மக்கள் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூடாது என்று தடை போடவேண்டி வந்தது.

நாங்கள் செய்வது இதுதான். வயலோரத்தில் ஒரு நீளமான குழி தோண்டி அதை மரச்சில்லுகளால் நிரப்புகிறோம். குழாயில் வரும் தண்ணீரை அதன் வழியாக விடுகிறோம். ஆக்சிஜன் குறைந்த அந்த இருட்டில் இருக்கும் பாக்டீரியாக்கள் மரத்தின் கார்பனைத் தின்று, ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதை வெறும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். ஒரே சிக்கல் வசந்த காலம். அப்போதுதான் தண்ணீர் அதிகமாக வரும், அதுவும் குளிர்ந்து வரும். குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும், வேகமாக ஓடும் தண்ணீர் குழியில் தங்குவதும் இல்லை.

இதை மனுவில் எப்படி எழுதுவது? ஒரு விதம் இது: "நைட்ரேட் மாசு அமெரிக்காவின் பெரிய பிரச்சினை. நான் அதில் ஆராய்ச்சி செய்கிறேன். இத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறேன்." மூன்று வாக்கியமும் உண்மைதான். ஆனால் முதல் வாக்கியம் பிரச்சினையின் முக்கியத்துவத்தைச் சொல்கிறது, உங்கள் முயற்சியின் முக்கியத்துவத்தை அல்ல. ஒரு துறை முக்கியமானது என்பதால் அதில் இருப்பவர் ஒவ்வொருவரின் வேலையும் தேசிய முக்கியத்துவம் பெற்றுவிடாது. இதைக் குடியேற்ற அலுவலகத்தின் 2025 ஜனவரி வழிகாட்டுதலும் அழுத்திச் சொல்கிறது.

இன்னொரு விதம்: "குளிர்ந்த, வேகமான வசந்தகால நீரிலும் நைட்ரேட்டை நீக்கும் மரச்சில்லுப் படுகை வடிவமைப்பை உருவாக்கி, வயலில் சோதித்து, வடிவமைப்பு விதிகளாக வெளியிடுவது என் முயற்சி. அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இந்தப் படுகைகளுக்கு 605 என்ற எண்ணில் நடைமுறைத் தரம் ஒன்றை வைத்திருக்கிறது. அந்தத் தரம் மேம்பட்டால் அயோவாவில் மட்டுமல்ல, இல்லினாய், மினசோட்டா, இந்தியானா வயல்களிலும் பயன்படும். இந்த வயல்களின் நைட்ரேட் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது. அங்கே 2017-ல் சுமார் 22,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆக்சிஜன் குறைந்து கடல் உயிர்கள் வாழமுடியாத பகுதி உருவானது."

இப்போது முயற்சிக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, அது ஒரு வயலைத் தாண்டி எந்த வழியாகப் பரவும் என்பதும் இருக்கிறது. படிக்கும் அதிகாரி மண் விஞ்ஞானி இல்லை. அவர் கையில் வரைபடத்தைக் கொடுத்து வழி காட்டுவது நம் பொறுப்பு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கட்டுரைகள், சைட்டேஷன், மற்றவர் கட்டுரைகளை மதிப்பிட்ட அனுபவம், கிராண்ட், காப்புரிமை எல்லாம் இங்கே வரும். ரெகமண்டேஷன் லெட்டரும் இங்கேதான். உங்கள் பேராசிரியர் உங்களைப் புகழ்வார், அதில் வியப்பில்லை. உங்களோடு வேலை செய்யாத ஒருவர், "இவருடைய முறையை எடுத்து என் மாநிலத்தில் செய்து பார்த்தேன், இன்ன பலன் கிடைத்தது" என்று எழுதினால் அதன் எடை வேறு. சைட்டேஷன் பட்டியலைத் திறந்து, உங்கள் கட்டுரையைப் போகிற போக்கில் குறிப்பிட்டவர்கள் யார், உண்மையிலேயே பயன்படுத்தியவர்கள் யார் என்று பிரியுங்கள். இரண்டாவது குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு அன்பாகப் பதில் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. அறிவியல் உலகம் தாராளமானது என்று நான் நம்புவதற்கு அந்தக் கடிதங்களும் ஒரு காரணம்.

மூன்றாவது கேள்வியைப் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பெர்ம் என்பது ஒரு நிறுவனத்தில், ஒரு வேலைக்கு, குறைந்தபட்சத் தகுதியை வைத்துச் சந்தையைச் சோதிக்கும் முறை. என் வேலை ஒரு பல்கலைக்கழகத்தின் வேலை விவரணைக்குள் அடங்குவதில்லை. விவசாயி, வடிகால் ஒப்பந்தக்காரர், மாநில அரசு என்று பலரோடு சேர்ந்து செய்வது. அதை அந்தச் சோதனையில் எப்படி அளப்பது? உங்கள் வேலைக்கும் இப்படி ஒரு பதில் இருக்கும். அதைத் தேடி எழுதுங்கள்.

நிரூபிக்கவேண்டிய அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லவில்லை. "இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்" என்று ஆவணங்கள் காட்டினால் போதும். கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.இ. வந்தால் கலங்காதீர்கள். பதிலளிக்க 12 வாரம் வரை அவகாசம் தருவார்கள். எந்தக் கேள்வியில் திருப்தி இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

செலவு பற்றியும் கேட்கிறீர்கள். 2024 ஏப்ரலில் வந்த கட்டண மாற்றத்தின்படி ஐ-140க்கு 715 டாலர், சொந்தமாகப் போடுகிறவர்களுக்குக் கூடுதலாக 300 டாலர். 45 வேலை நாளில் பதில் வேண்டும் என்றால் ப்ரீமியம் கட்டணம் தனி. என்.ஐ.டபிள்யூவுக்கு அந்த வசதி 2023-லிருந்துதான் எல்லோருக்கும் திறந்தது. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், அனுப்பும் அன்று அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்ரூவ் ஆன பிறகு

என் மனு அப்ரூவ் ஆன செய்தியை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அப்போ கார்டு எப்போ வரும்?"

"அதுக்கு இன்னும் வருஷக்கணக்கா ஆகும்மா."

"அப்ரூவ் ஆயிடுச்சுன்னு சொன்னியே. அப்புறம் என்னடி காத்திருக்கிறது?"

"டோக்கன் குடுத்திருக்காங்கம்மா. நம்பர் கூப்பிடணும்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வருடத்துக்கு வேலை வழி கிரீன் கார்டு மொத்தம் சுமார் 1,40,000. அதில் இபி-2க்கு 28.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் இதில் 7 சதவீதம் என்பது வரம்பு. இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 2,800 வருகிறது. மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் விட்டது இருந்தால்தான் அதற்குமேல். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இந்த எண்ணிக்கைக்குள்தான். வரிசை எங்கே இருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 அக்டோபரில் இந்திய இபி-2 வரிசை 2013 ஏப்ரலில் நின்றது. அதாவது பன்னிரண்டு வருடத்துக்கு முன் வரிசையில் நின்றவர்களுக்கு அப்போதுதான் நம்பர் வந்தது. தேதி முன்னோக்கியே நகரும் என்றும் இல்லை. 2022 கோடையில் 2014 டிசம்பர் வரை ஓடியது, அதே வருடம் அக்டோபரில் 2012 ஏப்ரலுக்குத் திரும்பிவிட்டது.

இந்த வரிசையில் குடியுரிமை கணக்கில்லை, பிறந்த இடம்தான் கணக்கு. நீங்கள் கனடா குடிமகனாகிவிட்டாலும் மதுரையில் பிறந்திருந்தால் இந்திய வரிசைதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் இலங்கைக் கணக்கில் வருவார், அந்த வரிசை பல மடங்கு வேகமானது. கணவன் அல்லது மனைவி பிறந்த நாட்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம். திருச்சியில் பிறந்த என் தோழியின் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவள் இலங்கை வரிசையில் போனாள், கார்டும் வந்துவிட்டது. இன்னொரு உதாரணம்: வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 1953-ல் அமெரிக்கக் குடிமகனாகி 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். இன்றைய விதிப்படி அவர் பாகிஸ்தான் கணக்கில் வருவார். அவரோடு சென்னையில் படித்து, சென்னையிலேயே பிறந்த ஒருவர் இந்தியக் கணக்கில் வருவார். இரண்டு பேரின் அறிவியலுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வேலையின் மதிப்பைப் பார்த்து "நீ இங்கே இருப்பது எங்களுக்கு நல்லது" என்று ஒப்புக்கொண்ட ஒரு நாடு, பிறகு பிறந்த ஊரைக் கேட்டு நிறுத்திவைப்பதில் பொருத்தம் இல்லை. இதை மாற்றும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் நாட்டு வரம்பை மட்டும் எடுத்தால் எங்கள் லேபில் இருக்கும் ஈரானியத் தோழியும் நைஜீரிய நண்பரும் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். அதையும் நான் விரும்பவில்லை. நான் கேட்பது எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லித்தான்.

அப்படியென்றால் எதற்குப் போடவேண்டும்?

போடவேண்டும். சீக்கிரம் போடவேண்டும். காரணம் சொல்கிறேன்.

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் உங்கள் ப்ரையாரிட்டி டேட். மனு அப்ரூவ் ஆகிவிட்டால் அந்தத் தேதி உங்களோடு வரும். நாளைக்கு ஒரு நிறுவனம் உங்களுக்காக வேறு மனு போட்டாலும், நீங்களே முதல் பிரிவான இபி-1ல் போட்டு அப்ரூவ் ஆனாலும், பழைய தேதியையே பயன்படுத்தலாம். எச்1பி வேலை விசாவில் ஆறு வருட வரம்பு முடிந்த பிறகும் அப்ரூவ் ஆன ஐ-140 இருந்தால் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். 2015-ல் வந்த விதிப்படி எச்1பிக்காரரின் துணையாக எச்-4 விசாவில் இருக்கும் கணவனோ மனைவியோ வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை மாறினாலும் மனு செத்துப்போவதில்லை, ஆனால் அதே துறையில், அதே முயற்சியைத் தொடரவேண்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. இந்த மனு போடுவது, இங்கேயே குடியேற நினைக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். எச்1பியில் அதனால் பாதிப்பில்லை. மாணவர்களுக்கான எஃப்-1 அல்லது பரிமாற்றத் திட்டத்துக்கான ஜே-1 விசாவில் இருந்தால், ஊருக்குப் போய் மறுபடி விசா ஸ்டாம்பிங் செய்வது சிக்கலாகலாம். ஜே-1ல் வந்து, இரண்டு வருடம் ஊரில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு இருந்தால், என்.ஐ.டபிள்யூ அதை நீக்காது. அதற்குத் தனியாக விலக்கு வாங்கவேண்டும். பிள்ளைகள் இருந்தால், 21 வயதுக்குள் வரிசை வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே கணக்குப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு நல்ல வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவது வீண் செலவல்ல.

காத்திருப்பு பற்றி ஒரு வார்த்தை. மாதாமாதம் புல்லட்டின் வரும் நாளில் லேபில் யாருக்கும் வேலை ஓடாது. தேதி இரண்டு வாரம் நகர்ந்தால் சந்தோஷம், நகராவிட்டால் நம்மிடம்தான் ஏதோ குறை என்பதுபோல ஒரு சோர்வு. திறமையான பிள்ளைகள் இந்தச் சோர்வில் ஆராய்ச்சிக் கேள்விகளையே மாற்றிக்கொள்வதைப் பார்க்கிறேன். சைட்டேஷன் சீக்கிரம் வரும் தலைப்பு, மனுவில் எடுப்பாகத் தெரியும் தலைப்பு என்று தேடிப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வரிசை உங்கள் கட்டுரைகளைப் படிப்பதில்லை. அது நகர்வதும் நிற்பதும் நீங்கள் செய்த எதனாலும் அல்ல. உங்களுக்கு உண்மையான ஆர்வம் உள்ள கேள்வியில் பத்து வருடம் உழைத்தால், கார்டு எப்போது வந்தாலும் அந்த வேலை உங்களுடையது. ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தாலும் அது உங்களோடு வரும். நைட்ரேட் அயோவாவுக்கு மட்டும் சொந்தமான பிரச்சினையும் அல்ல.

"சைட்டேஷன் போதுமா?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது. இந்த வார இறுதியில் ஒரு பக்கம் எழுதுங்கள்: அடுத்த ஐந்து வருடத்தில் எதைச் செய்து முடிக்கப்போகிறீர்கள், அது உங்கள் லேபைத் தாண்டி யாருக்கு, எப்படிப் போய்ச் சேரும். உங்கள் துறையே தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்துவிட்டால் மனுவில் பாதி முடிந்த மாதிரி. புரியாவிட்டால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்து திருத்துவோம்.